கல்லே சாசனம்: முண்டா மக்களும் பிர்சாவின் போராட்டமும்

பத்தாம் வகுப்பு 'அ' பிரிவு மாணவி

விடுதலைப் போராட்டம் என்றவுடன் நம் நினைவில் முந்தி நிற்பவர்கள் சட்டம் பயின்ற தலைவர்களும், சிறை சென்ற தியாகிகளும், கொடி பிடித்து ஊர்வலம் வந்த மாணவர்களுமே ஆவர். ஆனால் 1885-ஆம் ஆண்டில் காங்கிரஸ் மகாசபை தோன்றுவதற்கு நெடுங்காலம் முன்பே, கம்பெனிக் காலந்தொட்டு வெள்ளையராட்சியை எதிர்த்து வந்தவர்கள் காடு சூழ்ந்த மலைநாடுகளில் வாழ்ந்த பழங்குடி மக்கள். அவர்கள் மேடை ஏறவில்லை, பத்திரிகை நடத்தவில்லை. தங்கள் மண்ணை எடுத்துக்கொள்ளாதே என்று கேட்டார்கள். கேட்டுக் கிடைக்காதபோது வில்லை எடுத்தார்கள். அத்தகைய மக்களுள் ஒருவரான முண்டா மக்களைப் பற்றி நம் தோழியருக்குச் சொல்ல விரும்புகிறேன். நம் திருச்சபையின் குருக்கள் சிலருக்கும் இவ்வரலாற்றில் பங்கு உண்டு. அந்தப் பங்கு எளிதில் சொல்லி முடிக்கக் கூடியதன்று என்பதால், இதனை எழுதும் ஆவல் எனக்கு மேலும் மிகுந்தது.

நம் நாட்டுப் படத்தில் கல்கத்தாவிலிருந்து மேற்கே விரலை நகர்த்திச் சென்றால் ராஞ்சி என்னும் நகரம் வரும். அதனைச் சுற்றியுள்ள மேட்டுநிலமே சோட்டாநாகபுரி பீடபூமி. இன்று அது ஜார்க்கண்ட் மாநிலத்தைச் சேர்ந்தது. கடல் மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 2,000 அடி உயரத்தில் சிவந்த மண்ணும், சிறு குன்றுகளும், ஓங்கி வளர்ந்த சால மரக் காடுகளும் கொண்ட நாடு அது. முண்டா, ஹோ, ஒராவோன், காரியா முதலிய இனத்தவர் அங்கு வாழ்கின்றனர். சற்று வடகிழக்கே சந்தால் மக்கள். முண்டாரி மொழி ஆஸ்திரோ-ஆசியக் குடும்பத்தைச் சேர்ந்தது. மேகாலயத்தின் காசி மொழியும், கம்போடிய மக்களின் கெமர் மொழியும் அதற்கு உறவு. ஆனால் அதே ராஞ்சிப் பகுதியில் ஒராவோன் மக்கள் பேசும் குரூக் மொழி நம் திராவிடக் குடும்பத்தைச் சேர்ந்தது! கண்ணைக் குறிக்கும் அவர்களது சொல், தொண்டையிலிருந்து சற்று அழுத்தி ஒலிக்கும் நம் 'கண்' தான். ஆயிரம் மைல்களுக்கு அப்பால் நமக்கு ஒரு மொழிச் சகோதரி இருக்கிறாள் என்பதை அறிந்தபோது எனக்குப் பெருமகிழ்ச்சி உண்டாயிற்று.

முண்டா மக்கள் 'கிலி' என்னும் குலங்களாகப் பிரிந்துள்ளனர். ஒவ்வொரு குலத்திற்கும் ஒரு விலங்கோ, பறவையோ, செடியோ அடையாளமாக இருக்கும். தம் குல அடையாளத்தை அவர்கள் கொல்லமாட்டார்கள், உண்ணமாட்டார்கள். ஒரே குலத்தார் தம்முள் மணம் செய்துகொள்வதும் இல்லை. ஊர்த் தலைவருக்கு 'முண்டா' என்றே பெயர். பல ஊர்கள் சேர்ந்த தொகுதிக்குத் தலைவர் 'மான்கி'. வழிபாட்டை நடத்துபவர் 'பாஹன்'. சிங்போங்கா என்பது அவர்கள் போற்றும் முழுமுதற் கடவுளின் பெயர். காட்டை வெட்டி ஊர் சமைத்தபோது பழைய காட்டின் ஒரு பகுதியைக் கோடரி படாமல் விட்டுவைத்தார்கள். அந்தச் சோலைக்கு 'சர்னா' என்று பெயர். அதுவே அவர்களது கோயில். அதற்குக் கோபுரமும் இல்லை, சுவரும் இல்லை. வேனிற்காலத்தில் சால மரங்கள் பூக்கும்போது சர்ஹுல் திருவிழா நடைபெறும். பாஹன் அந்தப் பூக்களைச் சோலையில் படைத்த பின்னரே ஊர்ப் பெண்கள் புதுப் பூவைக் கூந்தலில் சூடுவார்கள்.

ஊர் நடுவில் ஆடுகளம் ஒன்று உண்டு. 'அக்ரா' என்பது அதன் பெயர். மாலை வேளையில் நகாரா முழங்க, ஆணும் பெண்ணும் கைகோத்து வரிசையாக நின்று ஆடுவர். இளைஞருக்கும் இளம் பெண்களுக்கும் தனித்தனியே 'கிதிஓரா' எனப்படும் துயிலகங்கள் இருந்தன. பகலில் வயல் வேலை. இரவில் அங்கே கதையும், விடுகதையும், பாட்டும், ஊர் வழக்கமும் மூத்தோரிடமிருந்து இளையோருக்குக் கற்பிக்கப்பட்டன. நம் விடுதி மாணவியர் இதைப் படித்துச் சிரிக்கக்கூடும். பாடப் புத்தகமும் மணியோசையும் இல்லாத விடுதி என்றால் யாருக்குத்தான் ஆசை வராது!

அவர்களது திருமண வழக்கம் ஒன்றையும் இங்கே குறிப்பிட வேண்டும. அங்கே பெண் வீட்டார் மாப்பிள்ளைக்குப் பணமும் நகையும் கொடுப்பதில்லை. மாப்பிள்ளை வீட்டாரே பெண்ணின் தந்தைக்கு மாடுகள் கொடுத்துப் பெண் கேட்பர். படித்தவர் நிறைந்த நம் ஊர்களில் வரதட்சணைக்கு அஞ்சித் தாய்மார் உறக்கமின்றித் தவிப்பதை எண்ணும்போது, யார் நாகரிகம் உடையவர் என்ற கேள்வி எழத்தான் செய்கிறது. எனினும் எல்லா வழக்கமும் நல்வழக்கம் என்று நான் கூற வரவில்லை. அவர்களது முறைப்படி நிலம் மகன்களுக்கே சேரும்; மகளுக்கு இல்லை. இதை எதிர்த்துப் பழங்குடிப் பெண்கள் சார்பில் தொடுக்கப்பட்ட வழக்கில் 1996-இல் நம் நாட்டு உச்ச நீதிமன்றம், அந்த நிலத்தை நம்பி வாழும் பெண்களை அதிலிருந்து வெளியேற்ற முடியாது என்று தீர்ப்பளித்தது. நடவும் களையும் பெண்ணுக்கு, நிலம் ஆணுக்கு என்பது எந்த நாட்டில் இருந்தாலும் நியாயம் ஆகுமா?

இனி அந்த நிலத்தைப் பற்றிப் பார்ப்போம். முண்டா வரலாறு முழுவதும் நிலத்தின் வரலாறுதான்.

யாருக்கும் சொந்தமில்லாத காட்டில், ஒரு குலத்தைச் சேர்ந்த சில குடும்பங்கள் புகுந்து, மரம் வெட்டி, வேர் பிடுங்கி, கல் பொறுக்கி, புலிக்கும் கரடிக்கும் அஞ்சாமல் வயல் உண்டாக்கினார்கள். அந்த முதல் குடியேறிகளின் வழிவந்தோர் அனைவருக்கும் ஊர் எல்லைக்குள் இருந்த வயலும், மேடும், காடும், நீரும் பொதுச் சொத்தாயின. இம்முறைக்குக் 'குந்த்கட்டி' என்று பெயர். தனி ஒருவர் தம் பங்கை வெளியாருக்கு விற்க முடியாது. நிலம் குலத்திற்குச் சொந்தம். அவர் அதில் ஒருவர், அவ்வளவே.

இதற்குப் பத்திரம் எங்கே என்று கேட்பீர்கள். பத்திரம் கல்தான். இறந்தோரின் எலும்புகளை எடுத்து, ஊருக்கு அருகிலுள்ள குலத்தின் இடுகாட்டில் பெரிய கற்பலகைகளின் கீழ் வைப்பது முண்டா வழக்கம். எத்தனை தொலைவில் ஒருவர் இறந்தாலும் அவரது எலும்பு தம் குலத்தின் கல்லடிக்கு வந்து சேரவேண்டும். இக்கல்லுக்குச் 'சசன்திரி' என்று பெயர். சசன் என்றால் இடுகாடு. திரி என்றால் கல். என் முன்னோர் இந்தக் கல்லின் கீழ் உறங்குகிறார்கள், ஆகவே இந்த ஊர் என்னுடையது என்பதே ஒரு முண்டாவின் வாதம். நம் தமிழில் 'சாசனம்' என்ற சொல் உள்ளதல்லவா? இரண்டுக்கும் ஒலியில் உள்ள ஒற்றுமை தற்செயலாக இருக்கலாம். ஆனால் செய்யும் வேலை ஒன்றே.

துன்பம் எங்கே தொடங்கியது என்றால், அந்தக் கல்லைப் படிக்கத் தெரியாதவர்கள் அதிகாரத்திற்கு வந்தபோதுதான். சோட்டாநாகபுரிக்கு ஓர் அரச வம்சம் இருந்தது. அந்த அரசர்கள் வெளியூர்ப் படைவீரர்களுக்கும், புரோகிதர்களுக்கும், வணிகர்களுக்கும் தாம் பட்ட கடனுக்கும் நன்றிக்கும் ஈடாகக் கிராமங்களை எழுதிக் கொடுத்தனர். முண்டாக்கள் அரசருக்குத் தந்து வந்தது சிறு காணிக்கை. எழுதி வாங்கியவர்களோ அதனை நிலவரி என்று கணக்கிட்டு ஆண்டுதோறும் கூட்டினர். வெளியாரை முண்டாக்கள் 'திக்கு' என்று அழைத்தனர். கம்பெனியாட்சி வந்தபின் நிலைமை மோசமாயிற்று. நிலத்திற்கு ஒரு சொந்தக்காரர் வேண்டும், அவர் கையில் காகிதம் வேண்டும் என்பது ஆங்கிலச் சட்டம். காகிதம் திக்குகளிடம் இருந்தது. வழக்கு நடந்த மொழி முண்டாக்களுக்குப் புரியவில்லை. சொந்த வயலில் குத்தகைக்காரர்களாகி, அடுத்துக் கூலிகளாயினர். இதனோடு 'பேத் பேகாரி' என்னும் கூலியில்லா வேலையும் சேர்ந்தது. ஜமீன்தாரின் வயலை உழவேண்டும், பல்லக்குத் தூக்கவேண்டும், மூட்டை சுமக்கவேண்டும். கடன் கொடுத்தவர் நீட்டிய தாளில் கைநாட்டு வைத்தவர்கள் பலர் ஊரையே இழந்தனர். அஸ்ஸாம் தேயிலைத் தோட்டங்களுக்கு ஆள் பிடிப்பவர்கள் வந்தபோது, ரயிலேறிச் சென்றவர்கள் ஆயிரக்கணக்கானோர்.

காடாவது மிஞ்சியதா என்றால் அதுவும் இல்லை. 1878-ஆம் ஆண்டின் வனச் சட்டம் காடுகளை ஒதுக்கப்பட்ட காடு, பாதுகாக்கப்பட்ட காடு என்று பிரித்துச் சர்க்காரின் சொத்தாக்கியது. இலுப்பை இனத்து மரத்தின் பூவைப் பொறுக்குவதும், விறகெடுப்பதும், ஆடு மேய்ப்பதும் குற்றங்களாயின. ரயில் பாதைக்குக் கட்டை வேண்டியிருந்த ஆட்சிக்குச் சால மரம் பணமாகத் தோன்றியது. முண்டாவுக்கு அது பஞ்ச காலத்துச் சோறு.

மக்கள் வாளா இருக்கவில்லை. 1831-32-இல் நிகழ்ந்த கோல் எழுச்சியில் முண்டா, ஹோ, ஒராவோன் மக்கள் ஒன்றுசேர்ந்தனர். அரச குடும்பத்தார் அவர்களது ஊர்களை வெளியாருக்குக் குத்தகைக்கு விட்டதே அதற்கு உடனடிக் காரணம். கம்பெனிப் படைகள் அதனை அடக்கின. 1855-இல் சந்தால் மக்கள் சித்து, கானு என்னும் சகோதரர் தலைமையில் எழுந்ததை நாம் பாடத்தில் படித்திருக்கிறோம். இவற்றுக்கெல்லாம் பின்னர் முண்டாக்கள் வேறு வழியையும் முயன்று பார்த்தனர் என்பதுதான் எனக்குப் பெரிய செய்தியாகப் பட்டது. சர்தார்கள் என்று அழைக்கப்பட்ட பெரியவர்கள் 1858-ஐ ஒட்டிய ஆண்டுகளில் தொடங்கி 1890-கள் வரை மனு மேல் மனு எழுதினர். வழக்குத் தொடுத்தனர். கல்கத்தாவுக்கு நடந்தனர். முப்பது ஆண்டுகளுக்கு மேல் சட்டத்தின் வாயிலில் நின்று பலனின்றித் திரும்பியவர்களை, அவசரப்பட்டு ஆயுதம் எடுத்தவர்கள் என்று யார் சொல்ல முடியும்?

இக்காலத்தில்தான் கிறிஸ்தவ மறைபரப்பாளர்கள் அங்கே வந்தனர். 1845-இல் ஜெர்மன் லுத்தரன் மிஷன் ராஞ்சிக்கு வந்தது. 1885-இல் பெல்ஜியம் நாட்டு இயேசு சபைக் குருவான கான்ஸ்டன்ட் லீவென்ஸ் அடிகளார் முண்டா நாட்டிலுள்ள தோர்ப்பா என்னும் ஊரில் தங்கினார். மக்கள் தம்மிடம் ஏன் வருகிறார்கள் என்பதை அவர் விரைவில் கண்டுகொண்டார். அவர்களுக்கு முதலில் வேண்டியிருந்தது நீதிமன்றத்தில் ஒரு துணை. ஆகவே அடிகளார் நிலச் சட்டத்தைப் பயின்றார், வழக்குகளில் வழிகாட்டினார். கட்டாய வேலையும் கூடுதல் வரியும் சட்டப்படி செல்லாது என்று பல வழக்குகளில் நிலைநாட்டப்பட்டது. ஆயிரக்கணக்கானோர் திருமுழுக்குப் பெற்றனர். உடல் நலிந்து நாடு திரும்பிய அவர், 1893-இல் தம் 37-ஆம் வயதில் இறைவனடி சேர்ந்தார். அந்த நாட்டுப் பெண்களும் பின்தங்கவில்லை. 1897-இல் பெர்னதெத் கிஸ்போட்டா என்னும் இளம் ஒராவோன் பெண் தம் தோழியர் மூவருடன் திருமணத்தை மறுத்துத் துறவு வாழ்வை ஏற்றார். ராஞ்சியின் புனித அன்னாள் புதல்வியர் சபை இவ்வாறு பிறந்தது. நம்மைவிடச் சில வயதே மூத்தவர்கள்!

பிர்சா முண்டா 1875-ஆம் ஆண்டு நவம்பர் 15-ஆம் நாள் பிறந்தார். உலிஹாத்து என்னும் ஊர் அவரது பிறப்பிடமாகப் போற்றப்படுகிறது. தந்தை சுகனா, தாய் கர்மி. வறிய குடும்பம். ஆடு மேய்த்துக்கொண்டு புல்லாங்குழல் ஊதித் திரிந்த சிறுவன் படிப்பில் கெட்டிக்காரன் என்று கண்டு, சாய்பாசாவிலிருந்த ஜெர்மன் மிஷன் பள்ளிக்கு அனுப்பினர். அங்கே அவருக்கு தாவூது என்று பெயரிடப்பட்டது. அந்நாளில் லுத்தரன் மிஷனுக்கும் சர்தார்களுக்கும் பகை முற்றியிருந்தது. மிஷன் நிலத்தை மீட்டுத் தரும் என்று எதிர்பார்த்து ஏமாந்த சர்தார்கள் விலகினர். மிஷனார் அவர்களை வஞ்சகர் என்று இகழ்ந்தனர். தம் மக்களை இகழ்வது பொறாத பிர்சா எதிர்த்துப் பேசினார். பள்ளியை விட்டு வெளியேற நேர்ந்தது. அப்போது அவருக்கு வயது ஏறத்தாழப் பதினைந்து. நம் வயது! பின்னர் பந்த்காவ் என்னும் ஊரில் ஒரு வைணவப் பெரியவரிடம் சில காலம் இருந்தார். பூணூல் அணிந்தார், புலால் மறுத்தார். இவ்வாறு பல வழிகளையும் அறிந்தபின், 1895-இல் தாம் இறைவனால் அனுப்பப்பட்டவர் என்று அறிவித்தார்.

ஒரே கடவுளை வணங்குங்கள், பலியிடாதீர்கள், மதுவை விடுங்கள், தூய்மையாக இருங்கள் என்று அவர் போதித்தார். நோயுற்றோருக்குப் பணிவிடை செய்தார். சல்காத் என்னும் அவரது ஊருக்கு மக்கள் கூட்டங்கூட்டமாக நடந்து வந்தனர். 'தர்த்தி ஆபா', அதாவது மண்ணின் தந்தை என்று அவரை அழைத்தனர். சமய போதனையோடு மட்டும் நின்றிருந்தால் சர்க்கார் பொறுத்திருக்கும். வரி கொடுக்கவேண்டாம், வெள்ளை அரசியின் ஆட்சி முடிந்து நம் ஆட்சி வரப்போகிறது என்றும் பேச்சு எழுந்தது. 1895 ஆகஸ்டில் ஓர் இரவு அவர் உறங்கிக்கொண்டிருக்கையில் கைது செய்யப்பட்டார். இரண்டு ஆண்டுகளுக்கு மேல் சிறையில் கழித்தார். அவர் உள்ளே இருந்தபோது பஞ்சம் நாட்டை வாட்டியது. வெளியே வந்தவர் மீண்டும் மக்களைத் திரட்டினார். முன்னோர் வாழ்ந்த பழைய இடங்களுக்கு யாத்திரை சென்றனர். இரவு நேரங்களில் குன்றுகளின் மேல் கூட்டங்கள் நடைபெற்றன. வெண்கொடி அவர்களது கொடியாயிற்று. இந்த எழுச்சிக்கு முண்டாரியில் 'உல்குலான்' என்று பெயர். பெருங்கலகம் என்பது பொருள்.

1899-ஆம் ஆண்டு டிசம்பர் 24. கிறிஸ்து பிறப்பின் முன்னிரவு. அவ்விரவில் பிர்சாவின் ஆட்கள் பல ஊர்களில் ஒரே நேரத்தில் தாக்கினர். அம்புகள் பாய்ந்தன, தீ வைக்கப்பட்டது. ஆலயங்களும் மிஷன் இல்லங்களும் குறிகளாயின. முர்ஹு என்னும் ஊரில் ஆங்கிலிக்கன் மிஷன் தாக்கப்பட்டது. சர்வதா என்னும் ஊரில் நம் கத்தோலிக்க மிஷன் மீதும் அம்புகள் வந்தன. அங்கே இருந்த ஜான் ஹாஃப்மன் அடிகளார் உயிர் தப்பினார்.

இதனைப் படித்தபோது எனக்கு மனம் வருந்தியது. திருவிழா இரவில், செபிக்கக் கூடியிருந்த எளியோர் மீது, அதுவும் தம் இனத்தைச் சேர்ந்தவர்கள் மீதே அம்பு விடுவது நேரிய செயல் என்று யாரும் வாதாட முடியாது. ஆனால் அவர்கள் கண்ணில் உலகம் எப்படித் தோன்றியிருக்கும் என்றும் நாம் எண்ணிப் பார்க்கவேண்டும். வரி கேட்டுத் துப்பாக்கியுடன் வந்தவரும் வெள்ளையர். மறை போதித்தவரும் வெள்ளையர். இருவரும் அணிந்தது ஒரே தொப்பி என்று அவர்கள் நினைத்தனர். லீவென்ஸ் அடிகளாரின் உழைப்பை அறிந்த நமக்கு அந்த நினைப்புச் சரியன்று என்று தெரியும். ஆனால் நிலத்தைப் பறிகொடுத்துப் பசித்திருந்தவனுக்கு அந்த வேறுபாட்டை விளக்கிச் சொல்ல அன்று அங்கே யார் இருந்தார்கள்? கலகக்காரர் என்ற ஒரு சொல்லால் அவர்களைத் தள்ளிவிட என் மனம் ஒப்பவில்லை.

அடுத்து நடந்தவை விரைவாக நடந்தன. எட்கேதி என்னும் ஊரில் பிர்சாவின் துணைவரான கயா முண்டாவைப் பிடிக்கச் சென்ற காவலர் இருவர் கொல்லப்பட்டனர். 1900 ஜனவரி 6-ஆம் நாள் துணைக் கமிஷனர் ஸ்ட்ரீட்ஃபீல்டு படையுடன் வந்து அவர் வீட்டை வளைத்தார். வீட்டிற்குத் தீ வைக்கப்பட்டபோது வெளியே வந்து எதிர்த்தவர்களுள் கயாவின் மனைவி மாகியும், மகள்களும், மருமகள்களும் இருந்தனர். கையில் அகப்பட்ட தடியும் கோடரியுமே அவர்களது ஆயுதங்கள். கயா பின்னர் தூக்கிலிடப்பட்டார். மாகி சிறை சென்றார். ஜான்சிராணியின் பெயரை நாம் அறிவோம், அவருக்குக் குதிரையும் வாளும் கோட்டையும் இருந்தன. மாகிக்கு இருந்தது எரிகின்ற ஒரு குடிசை.

ஜனவரி 7-இல் சுமார் முந்நூறு பேர் குந்தி காவல் நிலையத்தைத் தாக்கினர். ஜனவரி 9-இல் தோம்பாரி மலையை அடுத்த சைல் ரகாப் குன்றின்மேல் முண்டாக்கள் கூடியிருந்தபோது படை வந்து சூழ்ந்தது. சரணடையுமாறு கூறியதற்கு அவர்கள் இணங்கவில்லை. மேலிருந்து கல்லும் அம்பும், கீழிருந்து துப்பாக்கி. குன்றில் பெண்களும் குழந்தைகளும் இருந்தனர். மாண்டவர் எத்தனை பேர் என்பதில் சர்க்கார் கணக்கு ஒன்று. கல்கத்தாப் பத்திரிகை வெளியிட்ட கணக்கு அதனினும் பன்மடங்கு. மக்கள் நினைவில் உள்ளதோ எண்ணிறந்த பிணங்கள். இன்று தோம்பாரியில் உயர்ந்ததொரு நினைவுத்தூண் நிற்கிறது.

பிர்சாவின் தலைக்கு 500 ரூபாய் பரிசு அறிவிக்கப்பட்டது. பிப்ரவரி 3-ஆம் நாள், சக்ரதர்பூர்ப் பக்கத்துக் காட்டில் அவர் பிடிபட்டார். 1900 ஜூன் 9-ஆம் நாள் ராஞ்சி சிறையில் இறந்தார். வாந்திபேதி என்றது சர்க்கார்; மக்கள் நம்பவில்லை. அவருக்கு இருபத்தைந்து வயதும் நிரம்பவில்லை. விசாரிக்கப்பட்ட ஏறத்தாழ 350 பேரில் மூவர் தூக்கிலிடப்பட்டனர். 44 பேர் ஆயுள் முழுவதும் நாடு கடத்தப்பட்டனர்.

கலகம் தோற்றது என்று இத்துடன் நிறுத்திவிடலாம். ஆனால் துப்பாக்கியால் வென்ற சர்க்காருக்கு அச்சம் நீங்கவில்லை. 1902 முதல் முண்டா நாட்டில் நில அளவை தொடங்கியது. எந்த வயல் யாருடையது, எந்த ஊரை யார் சமைத்தார் என்று கேட்டு எழுதினர். முப்பது ஆண்டுக்கால மனுக்கள் கேட்டதும் அதைத்தானே! 1908 நவம்பரில் சோட்டாநாகபுரி குத்தகைச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. குந்த்கட்டி உரிமை சட்டத்தில் ஏறியது. பழங்குடியினர் நிலம் வெளியார் கைக்குப் போவது தடுக்கப்பட்டது. பேத் பேகாரி ஒழிக்கப்பட்டது. அதற்குள் பெரும்பாலான குந்த்கட்டி ஊர்கள் சிதைந்துவிட்டன என்பது வேதனைக்குரியது. மிஞ்சியவையாவது காக்கப்பட்டன.

அந்தச் சட்டத்திற்காக முண்டாக்களின் நிலமுறையை விளக்கி, லிஸ்டர் என்னும் அதிகாரியுடன் சேர்ந்து அறிக்கை எழுதித் தந்தவர் யார் தெரியுமா? சர்வதாவில் அம்புக்குத் தப்பிய அதே ஹாஃப்மன் அடிகளார். பிர்சாவின் இயக்கத்தை அவர் ஏற்றவர் அல்லர். ஆனால் அம்பு எய்த மக்களிடமே அமர்ந்து அவர்களது மொழியையும் வழக்கத்தையும் கேட்டறிந்தார். கல்லின் கீழுள்ள எலும்பு எதற்குச் சான்று என்பதை ஆங்கில அதிகாரிகளுக்குப் புரியும் மொழியில் எழுதினார். 1909-இல் கடன்காரர் பிடியிலிருந்து மக்களை மீட்கக் கூட்டுறவுக் கடன் சங்கத்தையும் நிறுவினார். முதல் உலகப் போர் மூண்டதும், ஜெர்மானியர் என்பதற்காக அவரை ஆங்கில அரசு 1915-இல் நாடு கடத்தியது. அங்கிருந்தும் அவர் முண்டாக்களை மறக்கவில்லை. அவர்களது சொற்கள், சடங்குகள், மரங்கள், கதைகள் அனைத்தையும் தொகுத்து முண்டாரிக் கலைக்களஞ்சியம் எழுதினார். 1928-இல் அவர் இறந்த பின்னரே அது பதினாறு தொகுதிகளாக வெளிவந்தது. அந்த அறிக்கையோ கலைக்களஞ்சியமோ பேர் தெரியாத எத்தனையோ முண்டா முதியவர்களின் வாய்ச்சொல் இன்றி உருவாகியிருக்க முடியாது என்பதையும் நாம் நினைவில் கொள்ளவேண்டும்.

பிர்சா இறந்து மூன்றாண்டுகளுக்குப் பின் குந்தி அருகே பிறந்த ஜெய்பால் சிங் முண்டா, 1928 ஒலிம்பிக் போட்டியில் தங்கம் வென்ற இந்திய ஹாக்கி அணியின் தலைவர். அவரே பின்னர் அரசியல் நிர்ணய சபையில் அமர்ந்து பழங்குடியினருக்காக வாதாடினார். ஜார்க்கண்ட் தனி மாநிலம் வேண்டும் என்றும் குரல் எழுப்பினார். அவர் மறைந்து பல ஆண்டுகள் கழித்து, 2000-ஆம் ஆண்டு நவம்பர் 15-இல், பிர்சாவின் பிறந்த நாளன்றே அம்மாநிலம் உருவாயிற்று. 2021 முதல் அந்த நாளை நாடு முழுவதும் பழங்குடியினர் பெருமை நாளாகக் கொண்டாடுகின்றனர்.

1908-ஆம் ஆண்டுச் சட்டத்திற்கும் இடையே ஒரு சோதனை வந்தது. விவசாய நிலத்தை வேறு பயனுக்கு மாற்ற வழிசெய்யும் திருத்த மசோதா ஒன்று 2016-இல் ஜார்க்கண்ட் சட்டசபையில் நிறைவேறியது. மாநிலமெங்கும் பழங்குடி மக்கள் எதிர்த்துப் போராடினர். குந்தி வட்டாரத்துக் கிராமங்களில் மக்கள் பெரிய கற்பலகைகளை ஊர் எல்லையில் நட்டு, அரசியல் சட்டம் தங்களுக்கு அளித்த உரிமைகளை அவற்றில் எழுதிவைத்தனர். கல் நடும் பழக்கம் அவர்களுக்குப் புதிதன்றே! ஆளுநர் அந்த மசோதாவில் கையொப்பமிடாமல் 2017-இல் திருப்பி அனுப்பினார். அரசும் அதனைக் கைவிட்டது. அப்போது ஆளுநராக இருந்தவர் சந்தால் இனத்தைச் சேர்ந்த ஒரு பெண்மணி. முன்னாளில் பள்ளி ஆசிரியையாக இருந்தவர். 2022-இல் நம் நாட்டின் குடியரசுத் தலைவராகப் பொறுப்பேற்ற திரௌபதி முர்மு அவர்களே அவர்.